கிணற்றில் இறக்கிய அந்தோணியார்

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதத்தின் தலையில் 'சேசு மரி சூசை துணை' என்று நான் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. உள்ளே வரப்போகிற விஷயத்துக்கு அவர்கள் மூவரையும் சாட்சிக்கு இழுக்க எனக்கு மனமில்லை. உன் வருங்கால மாமனார் வீட்டில் அவர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை இருக்கிறது. கடிதத்தை நீ குடியிருக்கும் அந்த வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல், நீ கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்க்கும் கூட்ஸ் ஷெட்டுக்கு அனுப்புகிறேன். உன் பெயருக்கு வரும் தபாலை அவர் முதலில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன் கையில் தருகிறார் என்று போன மாதம் நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. இதைப் படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போகாதே. ஒரு பெண்ணின் நிம்மதி இதில் இருக்கிறது.

உனக்கும் சவரிமுத்துவின் மகள் சலேத்துக்கும் கோவிலில் இரண்டு கலியாண ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது. இந்த இருவரும் விவாகம் செய்துகொள்ளத் தடை ஏதாவது அறிந்தவர்கள் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் பூசை நடுவில் படிக்கிறாரே, அந்த நேரத்தில் நம் சனங்களின் முகத்தை நீ பார்த்திருக்கிறாயா? பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். மீதிப் பேர் பெண்ணின் தாய்மாமன் என்ன சட்டை போட்டிருக்கிறார் என்று கழுத்தை வளைத்துப் பார்ப்பார்கள். தடை என்றால் மாப்பிள்ளைக்கு ஊரில் இன்னொரு பெண்டாட்டி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இருவரும் இரத்த உறவாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். போன வியாழக்கிழமை வரை என் எண்ணமும் அதுதான்.

சொல்ல ஆரம்பிக்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உன் அம்மாவுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று உன் மாமனார் உனக்குச் சொல்லிக் கொடுப்பார். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது கன்னியாஸ்திரிகள். என் கழுத்தில் கிடக்கும் உத்தரியம் நான் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து கிடக்கிறது, துணி நைந்தால் மாற்றித் தைத்துப் போட்டுக்கொள்கிறேன். இராத்திரி செபமாலை சொல்லாமல் இந்த பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் யாரும் சோற்றில் கை வைத்ததில்லை, உன் அப்பா ரயில்வேயில் இரண்டாம் ஷிப்டு பார்த்துவிட்டுப் பசியோடு வந்து நின்றாலும் சரி. மோட்சத்திலிருக்கும் அர்ச்சியசிஷ்டவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களை லஞ்சம் வாங்கும் பியூன்களாக நடத்துகிறவர்களைக் கண்டால்தான் எனக்குக் குமட்டுகிறது.

உன் பெரிய அத்தையை எடுத்துக்கொள். நம் வரிசையிலேயே கடைசி வீட்டில் இருந்தாள். அவளுடைய வெள்ளாடு காணாமல் போனபோது என்ன செய்தாள் என்று உனக்கு நினைவிருக்கும். அந்தோணியார் சுரூபத்தின் கையிலிருந்த குழந்தை சேசுவைக் கழற்றி எடுத்து எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு, 'ஆட்டைக் கொண்டு வாரும், பிள்ளையைத் தருகிறேன்' என்று அவர் முகத்துக்கு நேரே பேரம் பேசினாள். இதைச் செய்யாத வீடு நம் சனத்தில் குறைவு, அதனால் யாரும் அவளைத் தப்பாக நினைக்கவில்லை. ஆடு இரண்டு நாளில் சாக்கடை ஓரம் மேய்ந்துகொண்டிருந்தது. அத்தைக்கோ குழந்தையை எங்கே வைத்தாள் என்பது மறந்துபோயிற்று. அரிசிப் பானையில் தேடினாள், துணிப்பெட்டியில் தேடினாள், கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றதும் தேடுவதையும் விட்டுவிட்டாள். ஆடுதான் வந்துவிட்டதே! அவள் சாகும்வரை அந்த அந்தோணியார் வெறுங்கையை ஏந்திக்கொண்டு நின்றார். நீ அப்போது சின்னப் பையன். அந்தச் சுரூபத்தைப் பார்க்கும்போதெல்லாம் அழுவாய். 'அவரு பிள்ளையத் திருப்பிக் குடுக்கச் சொல்லும்மா' என்று என் சேலையைப் பிடித்து இழுப்பாய். அத்தை உன்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் மகனுக்கு நியாயம் தெரிகிறது என்று மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். என் பெருமை எவ்வளவு அவசரப்பட்டது என்று இப்போது தெரிகிறது.

வியாழக்கிழமை நான் கிள்ளானுக்கு வந்தது சலேத்துக்கு ரவிக்கை அளவு எடுக்க. நீ வேலைக்குப் போயிருந்தாய். சவரிமுத்து என்னை வாசலிலேயே நிறுத்தித் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைக்கச் சொன்னார், பிறகு வீட்டு முன்பக்கத்தில் சுரூபமும் செபமாலையும் விற்கும் தன் கடை முழுவதையும் சுற்றிக் காட்டினார். பார்த்தேன். தொண்டைக்கு பிளாசியார், கண்ணுக்கு லூசியம்மாள், பல்லுக்கு அப்பொலோனியம்மாள், கொள்ளை நோய்க்குச் செபஸ்தியார், இடிக்குப் பார்பரம்மாள் என்று படங்களை ஆஸ்பத்திரியில் மருந்துப் புட்டி அடுக்குவதுபோல அடுக்கி வைத்திருக்கிறார். போன வருஷத்துக் குருத்தோலையைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறார். மூலையில் ஒரு தகர டின்னில் எண்ணெய். வேளாங்கண்ணியிலிருந்து கப்பலில் வந்தது என்றார். மூடியைத் திறந்து முகர்ந்தேன். பாசாரில் நாம் வாங்கும் தேங்காயெண்ணெயின் வாடைதான் அடித்தது. மாதா கோவிலில் எரிந்த எண்ணெய் எப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டு மூடிவிட்டேன்.

செபமாலைகள் தொங்குகிற கம்பிக்கு வந்தபோது அவருடைய குரல் தாழ்ந்துவிட்டது. அந்தப் பக்கம் தொங்குவது சாதா, இந்தப் பக்கம் தொங்குவது ஏற்கெனவே மந்திரித்தது, விலை கொஞ்சம் கூட என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மந்திரித்த பொருளை விலைக்கு விற்றால் அதிலுள்ள ஆசீர்வாதம் அந்த நிமிஷமே போய்விடும், வாங்கிய பிறகுதான் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரிக்க வேண்டும் என்பது ஞானோபதேச வகுப்பில் உட்கார்ந்து தூங்கிய பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதை அவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. தோட்டத்திலிருந்து வருகிற சனங்களுக்குத் திரும்பக் கோவிலுக்குப் போக நேரம் ஏது, நான் ஒரு புண்ணியத்துக்குச் செய்கிறேன் என்று கண்ணை மூடித் திறந்தார். ரப்பர் மரம் சீவுகிறவன் ஞாயிற்றுக்கிழமை கைக்காசில் வாங்கிப் போகிற செபமாலையில் ஆசீர்வாதமும் இல்லை, நியாயமும் இல்லை. இந்தக் கடையைத்தான் கலியாணத்துக்குப் பிறகு உன் கையில் கொடுக்கப்போகிறாராம். வீட்டோடு மாப்பிள்ளை, கடையோடு மருமகன். இதற்காகத்தானே தபசு காலத்திலிருந்து மாடியறையில் குடியிருந்துகொண்டு அவர் சொல்லுக்கெல்லாம் 'சரிங்க மாமா' போடுகிறாய்?

இதெல்லாம் நான் ஏற்கெனவே ஒருமாதிரி ஊகித்து வைத்திருந்தவைதான். பொறுத்துக்கொண்டிருப்பேன். உலகத்தில் கேவலமான மாமனார்களுக்குப் பஞ்சமில்லை, அதற்காக யாரும் கலியாணம் நிறுத்துவதில்லை. கால் கழுவலாம் என்று கொல்லைப்பக்கம் போனேன். சலேத் கிணற்றங்கரையில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்தான் இறைக்கிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். கயிற்றின் நுனியில் வாளி இல்லை. இடுப்பில் முடிச்சுப் போட்டு ஒரு மனிதன் தொங்குவது தெரிந்தது. முழங்கை நீளம்தான், ஆனாலும் நான் இரண்டடி பின்வாங்கிவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, 'பயப்படாதீங்க அத்தை, அந்தோணியார்தான்' என்றாள்.

மரத்தில் செய்து அடியில் ஈயம் வார்த்த பழைய சுரூபம். அங்கியின் கபில நிறம் தோல் தோலாக உரிந்துவிட்டது, மூக்கு நுனி ஊறிப்போய் வெளுத்திருந்தது. அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். கதை இதுதான்: மகளுக்கு வரன் தட்டிப்போய்க்கொண்டே இருந்ததால் சவரிமுத்து அந்தோணியாரைக் கிணற்றில் இறக்கியிருக்கிறார். முதலில் முழங்கால் நனையும்வரை. அப்புறம் இடுப்பு. வரன் வராமல் நாள் போகப்போகக் கழுத்துவரை. நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்கு மெழுகுதிரி வாங்க வந்தாய். அன்றைக்குச் சாயங்காலமே அவரை மேலே தூக்கி, வார்னிஷ் பூசி, மல்லிகை மாலை போட்டு, நவநாள் வைத்து, பக்கத்து வீட்டாருக்கெல்லாம் பொரியும் கடலையும் கொடுத்திருக்கிறார். மகனே, நீ கிணற்றிலிருந்து எடுத்த மாப்பிள்ளை. உனக்கு இது தெரியுமோ தெரியாதோ.

அப்படியானால் இப்போது ஏன் மறுபடி இறக்கியிருக்கிறார்கள் என்று கேட்டேன். நாகப்பட்டினத்திலிருந்து கடைக்கு வரவேண்டிய பெட்டிகள் வரத் தாமதமாகிறதாம். தேர்த் திருவிழாவுக்குள் வந்து சேரவேண்டுமாம். பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். 'சுரூபம்தான் அத்தை. பாதிக்கு மேல அந்தோணியார்' என்றாள். அந்தோணியார்கள் சீக்கிரம் வந்து சேருவதற்காக அந்தோணியாரை முக்கி வைத்திருக்கிறார்! அந்த மனிதரைத் திட்டுவதற்கு எனக்குத் தமிழில் வார்த்தை கிடைக்கவில்லை.

அடுத்து அவள் சொன்னதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவுக்குத் தோள்பட்டை வலி, அதனால் இந்தத் தடவை கயிற்றைப் பிடித்து இறக்கியது நீ. அவர் சொன்னாராம், நீ இறக்கினாயாம். 'இன்னும் கொஞ்சம்' என்றாராம், நீ இன்னும் கொஞ்சம் விட்டாயாம். வெறுங்கையோடு நின்ற சுரூபத்துக்காக அழுத பிள்ளை, ஒரு கடையும் மாடியறையும் கிடைக்கும் என்றதும் கயிறு பிடிக்கிற கூலியாகிவிட்டது. உன்னைப் பெற்றதற்காக நான் இதுவரை வெட்கப்பட்டதில்லை, அந்தக் கிணற்றங்கரையில் வெட்கப்பட்டேன். அவர் தெருவில் ஒரு பிச்சைக்காரனை அடிக்கச் சொன்னாலும் 'சரிங்க மாமா' என்பாய் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த வீட்டில் கேட்டதைத் தருகிறவனுக்கு மாலை, தராதவனுக்குக் கிணறு. பதுவா நகரத்து அர்ச்சியசிஷ்டவருக்கே இந்த மரியாதை என்றால், கூட்ஸ் ஷெட் கிராணிக்கு என்ன கிடைக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

உன் தலையெழுத்து உன்னோடு போகட்டும். நான் எழுத உட்கார்ந்தது உனக்காக அல்ல. சலேத் அந்தச் சுரூபத்தைத் துடைத்து முடித்து மடியில் வைத்துக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். தினமும் அப்பா கடைக்குப் போனதும் இப்படித் தூக்கித் துடைத்துவிட்டு, அவர் சாப்பாட்டுக்கு வருவதற்குள் திரும்ப இறக்கிவிடுவாளாம். ரொம்பப் பக்தியோ என்று கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

'பக்தி எல்லாம் இல்ல அத்தை. எங்கப்பா மாப்பிள்ளை வரணும்னு இவர இறக்கினாரு. நான் தூக்கி வெச்சிக்கிட்டு, யாரும் வர வேணாம்னு வேண்டிக்கிட்டேன். ரெண்டு பேரு பேச்சையும் கேட்டுக்கிட்டு பாவம், அவரு என்ன செய்வாரு?'

என் மகனிடம் ஏதாவது குறை கண்டாயா என்றேன். 'அவங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்குக் கல்யாணம் வேணாம், அவ்வளவுதான்' என்றாள். ஏன் என்று கேட்டேன், சொல்லவில்லை. திரும்பக் கேட்கவில்லை. ஒரு பெண் வேண்டாம் என்பதற்குக் காரணத்தை வேறு என்னிடம் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டுமா? யாரிடமாவது சொன்னாயா என்று மட்டும் கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். 'யாரு கேட்டா? அப்பா கேக்கல. நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப நீங்களும் கேக்கல. மாடியிலதான் இருக்காங்க உங்க மகன், அவங்களும் கேக்கல' என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. உன்னிடம் நான் சொல்லலாமா என்றதற்கு, உன்னிடம் மட்டும் சொல்லலாம், அப்பாவுக்குத் தெரிந்தால் தன்னை வீட்டில் வைக்கமாட்டார் என்றாள். கடைப்பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் அவசர அவசரமாக அந்தோணியாரைக் கழுத்துவரை இறக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். நான் ரவிக்கை அளவு எடுக்காமலே ரயிலேறிவிட்டேன்.

பீடத்துக்கு முன்னால் சாமியார் 'சம்மதமா' என்று கேட்பாரே, அப்போது சொல்லிக்கொள்ளட்டுமே என்று உனக்குத் தோன்றும். ஆண்பிள்ளைகளுக்கு அப்படித்தான் தோன்றும். கோவில் நிறையச் சனம், வெளியே பந்தல், பின்னால் சமையல் வாசனை, அந்த நேரத்தில் இல்லை என்று சொன்ன பெண் எவள்? என் கலியாணத்தன்று என்னிடம் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. பின்னால் நின்ற என் சித்தி முக்காட்டுக்கு மேல் கையை வைத்து என் தலையை முன்னால் அமுக்கினாள். சாமியார் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். உன் அப்பா நல்லவராக அமைந்துவிட்டார், என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் அது சீட்டுக்குலுக்கலில் விழுந்த பரிசு. என்னைக் கேட்டதனால் வந்ததல்ல. இத்தனை வருஷம் கழித்தும் பூசையில் யாராவது கலியாணப்பெண் தலை குனிந்தால், பின்னால் எவள் கை இருக்கிறது என்றுதான் என் கண் தேடுகிறது. இதை உன் அப்பாவிடம் நான் சொன்னதில்லை, நீயும் சொல்ல வேண்டாம்.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சனிக்கிழமைக்குள் சலேத்திடம் தனியாகப் போய்க் கேள். மாமனார் பக்கத்தில் இருக்கும்போது கேட்காதே, அது கேட்பதல்ல. அம்மா எழுதினாள், உன் மனதில் இருப்பது எனக்குத் தெரியும் என்று அவளை மடக்காதே. 'உனக்கு இஷ்டமா' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில். உன் சம்பளத்தைப் பற்றியோ, உனக்குக் குடிப்பழக்கம் இல்லை என்பதைப் பற்றியோ அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம், அதெல்லாம் அவளுக்குத் தெரியும். மனதாரச் சரி என்றால், நானே அவளுக்குச் சேலை எடுத்துக்கொண்டு வருகிறேன், உன் மாமனாரின் எண்ணெய் டின்னையும் சேர்த்துச் சகித்துக்கொள்கிறேன். இல்லை என்றால் அன்றைக்கே சாமியாரிடம் போய், எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் என்று உன் வாயால் சொல். அவள் பெயர் வெளியே வரக்கூடாது. சவரிமுத்து கத்துவார், மாடியறை போய்விடும், கடை போய்விடும், நம்பிக்கைத் துரோகி என்று கிள்ளான் முழுக்க உன்னைப் பேசும். பேசட்டும். பெண்பிள்ளைக்கு ஆயுசு முழுக்க நிற்கிற பேச்சு, ஆண்பிள்ளைக்கு அடுத்த திருவிழாவோடு போய்விடும். நீயும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து சேர். உன் பாய் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நீ கேட்கமாட்டாய் என்று ஒரு பயம் எனக்கு இருக்கிறது. 'சரிங்க மாமா' சொல்லிப் பழகிய வாய்க்குக் கேள்வி கேட்க வராது. அதனால் நீ கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் கிள்ளானுக்கு வருகிறேன். பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்காருவேன். சாமியார் மூன்றாம் ஓலையைப் படித்து, தடை அறிந்தவர்கள் உண்டா என்று கேட்கும்போது, கொட்டாவி விடுகிற அத்தனை பேருக்கும் நடுவில் எழுந்து நிற்பேன். சலேத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். 'தடை உண்டு சாமி, அது பெண்ணிடம் இல்லை, நான் பெற்ற மகனிடம் இருக்கிறது' என்பேன். என்ன தடை என்று அவர் கேட்டால், கட்டப்போகிறவளிடம் ஒரு கேள்வி கேட்கத் தைரியமில்லாதவன் இன்னும் ஆண்பிள்ளையாகவில்லை, அவனுக்குக் கலியாண வயது வரவில்லை என்று பதில் சொல்வேன். சத்தமாகவே சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா